சொந்தப் பிள்ளையைப் போல

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1955இல் கொண்டுவரப்பட்ட விதிகளின்படி, அரசுப் பொறுப்பிலுள்ள ஒரு குழந்தையைத் தன் வீட்டில் ஏற்று வளர்க்க முன்வந்தவர்கள் ஒரு படிவத்தில் கையெழுத்திட வேண்டியிருந்தது. இந்தப் பிள்ளையை எங்கள் சொந்தப் பிள்ளையைப் போல வளர்ப்போம் என்பது அதிலுள்ள முதல் உறுதிமொழி. உடல்நலம் கவனிப்பது, பிள்ளையின் மதத்தில் அதை வளர்ப்பது, அதிகாரி வந்தால் உள்ளே விடுவது எல்லாம் அதற்குப் பிறகுதான்.

படிக்க இதமாக இருக்கிற வரி. சொந்தப் பிள்ளையை என்ன செய்வார்கள்? சோறு போடுவார்கள், காய்ச்சல் வந்தால் கண்விழிப்பார்கள், அடிப்பார்கள். 'அடிக்கிற கைதான் அணைக்கும்' என்று நாமும் சொல்லிக்கொண்டுதான் வந்திருக்கிறோம். அணைப்பது அந்தப் பழமொழியில் இரண்டாவதாக வருகிறது. வராமலே போனால் என்ன என்று பழமொழி கேட்பதில்லை. 'பெத்தவ அடிச்சா அது வேற' என்றும் ஊரில் சொல்வார்கள். எப்படி வேற, யாருக்கு வேற என்று கேட்டால் பேச்சு வேறு பக்கம் போய்விடும். பெற்றவரிடமிருந்து பிரிக்கப்பட்டு, அரசாங்கத்தால் இன்னொருவர் வீட்டில் வைக்கப்பட்ட பிள்ளையின் உடல்மீது யாருக்கு அந்த உரிமை என்ற கேள்வி, இந்தப் 'போல' என்ற சொல்லுக்குள்தான் ஒளிந்திருந்தது. வளர்ப்பு வீடுகளில் குழந்தைகளை ஒழுங்குபடுத்துவதன் வரலாறு என்று தனியாக ஒன்று எழுதப்பட்டால், அது பெருமளவுக்கு இந்த 'போல'வின் வரலாறாகத்தான் இருக்கும்.

சட்டத்தில் இதற்கு ஒரு பழைய மரணம் அடித்தளமாக இருக்கிறது. 1860இல் ஈஸ்ட்போர்ன் என்ற கடற்கரை ஊரில் ஹாப்லி என்ற ஆசிரியர், தன்னிடம் தங்கிப் படித்த, பாடம் ஏறாத ஒரு பையனை இரவில் அடித்துக் கொன்றுவிட்டார். அடிப்பதற்கு முன் பையனின் தந்தைக்குக் கடிதம் எழுதி அனுமதி வாங்கியிருந்தார். தந்தை தன் கையைக் கடனாகக் கொடுத்தார் என்று வைத்துக்கொள்ளலாம். ஆசிரியருக்குத் தண்டனை கிடைத்தது. ஆனால் அந்த வழக்கில் தலைமை நீதிபதி காக்பர்ன் வகுத்த கோட்பாடுதான் ஒரு நூற்றாண்டுக்கு மேல் நிலைத்தது: பெற்றோரோ, பெற்றோர் தம் அதிகாரத்தை ஒப்படைத்தவரோ, மிதமாகவும் நியாயமாகவும் பிள்ளையை உடல்ரீதியாகத் தண்டிக்கலாம். ஒரு பிள்ளையின் பிணத்தின்மேல் நின்றுகொண்டு, எவ்வளவு அடிக்கலாம் என்பதற்கு அளவுகோல் செய்தார்கள். 1933இல் வந்த குழந்தைகள் சட்டம் கொடுமையைக் குற்றமாக்கிய அதே பிரிவில், பெற்றோர், ஆசிரியர், பிள்ளையைச் சட்டப்படி தம் பொறுப்பில் வைத்திருக்கும் மற்றவர் ஆகியோர் தண்டிக்கும் உரிமைக்குக் குந்தகம் இல்லை என்றும் சேர்த்துக்கொண்டது. வளர்ப்புப் பெற்றோர் இந்த 'மற்றவர்' என்ற சொல்லுக்குள் வசதியாக வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

டென்னிஸ் ஓ'நீல் என்ற பையனை இங்கே பேசியாக வேண்டும். வேல்ஸின் நியூபோர்ட் நகரத்துப் பிள்ளை. ஏழைக் குடும்பம். பெற்றோர் சரியாகக் கவனிக்கவில்லை என்று நீதிமன்றம் பிள்ளைகளைப் பிரித்து நியூபோர்ட் நகராட்சியின் பொறுப்பில் விட்டது. சட்டத்தின் மொழியில் அந்த நகராட்சிக்குப் பெயர் 'தகுந்த நபர்'. ஒரு அலுவலகம் 'நபர்' ஆகிவிடுகிறது. அந்த நபருக்குக் கையும் மடியும் கிடையாது என்பதால் பிள்ளைகளை வேறு வேறு வீடுகளில் விட்டு, வாரத்துக்கு இவ்வளவு என்று பணம் கொடுக்கிறது. 1944 கோடையில் டென்னிஸும் அவன் தம்பி டெரன்ஸும் எல்லைக்கு அந்தப் பக்கம், இங்கிலாந்தின் ஷ்ரொப்ஷயரில் மின்ஸ்டர்லி என்ற கிராமத்துப் பக்கமுள்ள பேங்க் ஃபார்ம் என்ற பண்ணையில் ரெஜினால்ட் கோஃப், எஸ்தர் கோஃப் தம்பதியிடம் வைக்கப்பட்டார்கள். 1945 ஜனவரி 9ஆம் தேதி டென்னிஸ் செத்துப்போனான். வயது 12.

மார்ச் மாதம் ஸ்டாஃபோர்டில் நடந்த விசாரணையில் தம்பி சாட்சி சொன்னான். அங்கே நடந்ததைக் கண்மண் தெரியாத வெறி என்று மட்டும் பார்த்தால் விஷயம் நழுவிவிடும். அடிகளுக்கு ஒரு முறைமை இருந்தது. பகலில் செய்த தவறுகளுக்கு இரவில் கணக்குத் தீர்த்துக் குச்சியால் கையில் அடி. அந்த வீட்டில் அதற்குப் பெயர் ஒழுக்கம். டென்னிஸின் தவறுகள் என்ன? பசித்தது. மாட்டு மடியில் வாய்வைத்துப் பால் குடித்தான். மாட்டுக்குப் போடும் கிழங்கைக் கடித்தான். கிழங்கைக் கடித்ததற்கு அவன் உடையைக் கழற்றி, ஒரு பெஞ்சில் கட்டிவைத்து அடித்தார்கள். பிணப்பரிசோதனை செய்தவர்கள் அடிகாயங்களோடு, பட்டினியையும் காலில் சீழ்வைத்த புண்களையும் கண்டார்கள். முதலில் பட்டினி போட்டு, அந்தப் பசி செய்த காரியத்தைத் திருட்டு என்று எழுதி, திருட்டுக்குத் தண்டனை கொடுத்திருக்கிறார்கள். வளர்ப்பு வீட்டுப் பிள்ளைகள் சோற்றை ஒளித்துவைப்பதும், இரவில் அடுப்படிக்குப் போவதும், படுக்கையை நனைப்பதும் 'கெட்ட பழக்கம்' என்ற பட்டியலில்தான் நெடுங்காலம் இருந்தன. பிள்ளையின் உடல் சொல்லும் வரலாற்றைப் பிள்ளையின் குற்றமாக மொழிபெயர்க்கிற வேலை இது. கோஃபின் குச்சி இல்லாத வீடுகளிலும் இந்த மொழிபெயர்ப்பு நடந்தது.

டென்னிஸ் சாவதற்கு மூன்று வாரம் முன்பு, 1944 டிசம்பர் 20 அன்று, நியூபோர்ட் அலுவலகத்திலிருந்து ஒரு இளம் பெண் எழுத்தர் பண்ணைக்கு வந்து பார்த்தார். பையன் சரியில்லை, அங்கிருந்து எடுத்துவிட வேண்டும் என்று அவருக்குப் பட்டது. அப்படியே எழுதியும் கொடுத்தார். கிறிஸ்துமஸ் வந்துவிட்டது. நியூபோர்ட் ஷ்ரொப்ஷயர் பார்த்துக்கொள்ளும் என்றிருந்தது, ஷ்ரொப்ஷயர் நியூபோர்ட் பார்த்துக்கொள்ளும் என்றிருந்தது. 'ரெண்டு பொண்டாட்டிக்காரன் பட்டினி கிடந்தான்' என்று நாம் சிரித்துக்கொண்டு சொல்கிற கதைதான். இங்கே பட்டினி கிடந்தது 12 வயசுப் பிள்ளை. காகிதத்தில் எல்லாம் ஏறக்குறைய ஒழுங்காகவே இருந்தது.

கோஃபுக்கு ஆறாண்டு, மனைவிக்கு ஆறு மாதம். போர்ச் செய்திகளுக்கு நடுவிலும் நாடே கொதித்தது. சர் வால்டர் மங்க்டன் விசாரித்து அறிக்கை கொடுத்தார். (இந்த மரணத்தின் சாயலில்தான் அகதா கிறிஸ்டி வானொலிக்கு ஒரு நாடகம் எழுதினார். அது 1952இல் 'எலிப்பொறி' என்ற மேடை நாடகமாகி, லண்டனில் பல தலைமுறைகளாக ஓடியது. டிக்கெட் வாங்கிப் பார்த்தவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெஞ்சு தெரியும் என்று யோசித்துப் பார்ப்பதுண்டு.) மைரா கர்ட்டிஸ் தலைமையிலான குழு 1946இல் தந்த அறிக்கை, பெற்றோர் வீட்டில் வாழ முடியாத சுமார் 1,25,000 குழந்தைகளைப் பற்றிப் பேசியது. விடுதிகளில் பிரம்படி கூடாது என்றும் பரிந்துரைத்தது. 1948இல் குழந்தைகள் சட்டம் வந்தது. விடுதியைவிட வீடு நல்லது, முடிந்தவரை வளர்ப்பு வீட்டில் வையுங்கள் என்றது சட்டம். நியாயமான பேச்சுதான். ஆனால் ஒரு வீட்டில் செத்த பிள்ளைக்குக் கிடைத்த பதில் 'இன்னும் நல்ல வீடு' என்பதாக இருந்ததே தவிர, வீடு என்பதற்குள் இருக்கும் அதிகாரம் என்ன என்ற கேள்வி எழவில்லை. 1951இல் வந்த விடுதி விதிகள் பையன்களுக்குப் பிரம்படியை அனுமதித்தன, ஆறு அடிக்கு மேல் போகக் கூடாது என்ற வரம்போடு. கர்ட்டிஸ் குழு கேட்டது இதுவல்ல. வளர்ப்பு வீடுகளுக்கோ அந்த எண்ணிக்கைகூட இல்லை. அங்கே 'சொந்தப் பிள்ளையைப் போல' என்ற படிவம் போதுமானதாக இருந்தது.

அதே போர்க்காலத்தில் இன்னொரு வீடு. உளப்பகுப்பாய்வாளர் டொனால்ட் வினிகாட், லண்டனிலிருந்து வெளியேற்றப்பட்ட பிள்ளைகளுக்கான ஆக்ஸ்ஃபோர்ட்ஷயர் விடுதிகளுக்கு ஆலோசகராக இருந்தவர். ஓடிப்போவதையே தொழிலாகக் கொண்ட ஒன்பது வயசுப் பையன் ஒருவனை அவரும் மனைவியும் தங்கள் வீட்டில் மூன்று மாதம் வைத்திருந்தார்கள். அந்த அனுபவத்தை 1949இல் வெளியான ஒரு கட்டுரையில், ஒரே ஒரு பக்க அளவில், சொல்கிறார். முதலில் பையன் இஷ்டப்பட்டபோதெல்லாம் ஓடிப்போனான். போகும்போது கையில் காசு கொடுத்தார்கள். பிறகு ஓடுவது நின்றது, வீட்டுக்குள் தாக்குதல் தொடங்கியது. நான் அடித்தேனா என்று அவரே கேட்டுக்கொண்டு, இல்லை என்கிறார். தன் வெறுப்பைப் பற்றித் தனக்கு எல்லாம் தெரிந்திருக்காவிட்டால், அதை அவனுக்கும் தெரியப்படுத்தியிருக்காவிட்டால், அடித்திருப்பேன் என்கிறார். பையனுக்கு வெறி ஏறும்போது, கோபமில்லாமல் அவனைத் தூக்கி வாசலுக்கு வெளியே விட்டுவிடுவார், மழையோ வெயிலோ. வெளியே ஒரு மணி இருந்தது. அதை அடித்தால் உள்ளே விடுவார்கள், நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தையும் கிடையாது. வெளியே விடுகிற ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் சொல்வார்: நீ செய்தது உன்னை வெறுக்க வைத்துவிட்டது.

இதைப் பெரிய முன்மாதிரி என்று தூக்கிப்பிடிக்க வேண்டியதில்லை. மழையில் பிள்ளையை வெளியே நிறுத்துவது இன்றைக்கு எந்த அதிகாரிக்கும் ஒப்பாது. சுமையில் பெரும்பகுதி மனைவிமேல் விழுந்தது. பையனும் 'திருந்தி'விடவில்லை, கடைசியில் சீர்திருத்தப் பள்ளிக்குத்தான் போனான், உறவு மட்டும் அறுபடாமல் இருந்தது என்று எழுதுகிறார். ஆனால் வேறு யாரும் சொல்லாத ஒன்றை அவர் சொல்லிவிட்டார். அடுத்தவர் பிள்ளையை வீட்டில் வைத்திருப்பவருக்கு வெறுப்பு வரும். 'சொந்தப் பிள்ளையைப் போல' என்று கையெழுத்துப் போட்டவர் அந்த வெறுப்பை எங்கே கொண்டுபோய் வைப்பார்? சொல்ல முடியாத வெறுப்பு, 'உன் நல்லதுக்குத்தான்' என்று பெயர் மாற்றிக்கொண்டு குச்சியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. 1956இல் வினிகாட் இன்னும் ஒரு படி போய், பறிகொடுத்த பிள்ளையின் திருட்டில் ஒரு நம்பிக்கை இருக்கிறது என்றார். எங்கோ தனக்கு உரிமையான ஒன்று இருக்கிறது என்று நம்புவதால்தான் கையை நீட்டுகிறது. டென்னிஸ் கடித்த கிழங்கை இதோடு வைத்துப் பார்க்கலாம். அவனுடையது வெறும் பசி என்று யாராவது சொன்னால் நான் மறுக்கமாட்டேன்.

குச்சி மெல்ல மெல்ல வெளியே போனது. 1970களிலும் 80களிலும் விடுதிகளிலும் பள்ளிகளிலும் பிரம்படி அவமானமாகத் தொடங்கியது. அரசுப் பள்ளிகளில் 1987 முதல் சட்டப்படியே நின்றது. குச்சியின் இடத்தில் உள்ளே வந்தது ஒரு சொல்: நடத்தை மேலாண்மை. தொழிற்சாலையிலிருந்தும் ஆய்வுக்கூடத்திலிருந்தும் சேர்ந்து வந்த சொல் இது. இதில் அடி கிடையாது, திட்டம் உண்டு. தமிழில் 'அறை' என்றால் கன்னத்தில் விழுவதும் அறை, பூட்டிவைப்பதும் அறை. ஒன்றிலிருந்து மற்றதற்கு எவ்வளவு தூரம் என்பதை ஸ்டாஃபோர்ட்ஷயர் காட்டியது, கோஃப் தம்பதிக்குத் தீர்ப்பு சொன்ன அதே ஊர் இருக்கும் மாவட்டம்.

வளர்ப்பு வீடு நிலைக்காமல் போன பிள்ளைகளும் வந்துசேரும் விடுதிகள் அவை. அங்கே 1983 முதல் 1989 வரை 'பின்டவுன்' என்ற முறை நடந்தது. பிரச்சினையை அப்படியே 'குத்தி நிறுத்த' வேண்டும் என்று தரையை நோக்கி விரலை நீட்டிக் காட்டிய ஒரு மேலதிகாரியின் சைகையிலிருந்து பிறந்த பெயர். ஓடிப்போகிற, பள்ளிக்குப் போகாத, சொன்னபடி கேட்காத பிள்ளையை ஏறக்குறைய ஒன்றுமே இல்லாத ஓர் அறையில் வைப்பார்கள். உடை பிடுங்கப்படும், இரவு உடையோ உள்ளாடையோதான். பள்ளி கிடையாது, பேச்சு கிடையாது, எழுதுபொருளோ வானொலியோ கிடையாது. கழிப்பறைக்குப் போக உள்ளிருந்து கதவைத் தட்டி அனுமதி கேட்க வேண்டும். வினிகாட்டின் வாசலில் மணி வெளியே இருந்தது, உள்ளே வருவதற்கு. இங்கே பிள்ளை தட்ட வேண்டியிருந்தது வெளியே போவதற்கு. நல்லபடி நடந்துகொண்டால் ஒவ்வொன்றாகத் திரும்பக் கிடைக்கும்: துணி, புத்தகம், பேச்சு. குறைந்தது 132 பிள்ளைகள், ஒன்பது வயதிலிருந்து. ஒரு பிள்ளை தொடர்ச்சியாக 84 நாள்.

1991இல் ஆலன் லெவியும் பார்பரா கஹானும் வெளியிட்ட விசாரணை அறிக்கையில் என்னை நிறுத்திவைத்தது கொடுமையைவிட அந்தக் குறிப்பேடுகள்தான். சுமார் 400 பதிவேடுகள். எல்லா ஆவணமும் சேர்த்து ஏறக்குறைய 1,50,000 பக்கம். ஊழியர்கள் எதையும் மறைக்கவில்லை. எப்போது தட்டியது, எப்போது அழுதது, எப்போது பணிந்தது என்று நாள்தவறாமல் எழுதிவைத்தார்கள். மேலதிகாரிகளின் பார்வைக்கு எட்டக்கூடிய இடத்திலேயே அந்தப் பதிவேடுகள் இருந்தன. கடைசியில் ஒரு வழக்கறிஞர், தன் கட்சிக்காரியான ஒரு சிறுமி சொன்னதை நம்பி 1989 அக்டோபரில் உயர்நீதிமன்றத்துக்குப் போய்த் தடை வாங்கினார். கோஃபின் குச்சி வீட்டுக்குள் ஒளிந்து இயங்கியது. பின்டவுன் வெளிச்சத்தில், தொழில்நேர்த்தியோடு, தான் நல்லதைச் செய்கிறேன் என்ற நம்பிக்கையோடு இயங்கியது. இரண்டாவதுதான் எனக்கு அதிகப் பயம் தருகிறது.

ஃபூக்கோவைப் படித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. சிறைமயச் சமூகம் முழுமை பெற்ற நாள் என்று அவர் குறிப்பது 1840 ஜனவரி 22, பிரான்ஸில் மெத்ரே என்ற சிறுவர் குடியேற்றம் திறக்கப்பட்ட நாள். அங்கே பிள்ளைகள் பிரிக்கப்பட்ட பிரிவுகளுக்குப் பெயர் 'குடும்பம்'. ஒவ்வொரு குடும்பத்துக்கும் தலைவர், மூத்த அண்ணன்கள் உண்டு. தடுப்பதற்கான இடத்துக்கு வீட்டின் பெயரைச் சூட்டியவர்கள் அவர்கள். ழான் ழெனே அந்த மெத்ரேக்கு 1926இல் போய்ச் சேர்ந்தவர். அதற்கு முன் அவரே அரசு உதவித்துறையின் பிள்ளை. மொர்வான் மலைப்பக்கத்து அலிஞி கிராமத்தில் ஒரு தச்சர் குடும்பத்தில் வளர்ப்புப் பிள்ளையாக இருந்தவர். அந்த வீட்டில் அவரைக் கொடுமைப்படுத்தியதாக யாரும் சொன்னதில்லை. இருந்தும் 'திருடன்' என்ற சொல்லை அவர் அங்கிருந்துதான் எடுத்துக்கொண்டதாகச் சொன்னார். நல்ல வீட்டிலும் அந்தச் சொல் காத்திருக்கிறது.

1991 அக்டோபரில் புதிய சட்டத்தோடு வந்த விதிகளில்தான் முதல்முறையாக வளர்ப்புப் பெற்றோர் தம்மிடம் வைக்கப்பட்ட பிள்ளைக்கு உடல்தண்டனை தரமாட்டேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று. டென்னிஸ் செத்து 46 வருஷம் கழித்து. பழைய வாசகமும் மாறியது: சொந்தப் பிள்ளையைப் போல என்பது, குடும்பத்தில் ஒருவரைப் போல என்றாயிற்று. 2011இன் இங்கிலாந்து விதிகள் இன்னும் விரிவானவை. ஏற்கத்தக்க கட்டுப்பாடு எது, ஒழுங்குமுறை எது என்று எழுத்தில் கொள்கை வேண்டும். அடி எந்த வடிவிலும் கூடாது. உடலைப் பிடித்துத் தடுப்பது யாருக்காவது காயமோ பொருளுக்குப் பெரும் சேதமோ நேரும் என்ற நிலையில் மட்டும்.

இந்த மாற்றத்துக்காகப் போராடியவர்களை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் இதிலிருந்து பிறந்த விசித்திரம் ஒன்று இருக்கிறது. பெற்றோருக்கான 'நியாயமான தண்டனை'யை 2004ஆம் ஆண்டுச் சட்டம் சுருக்கியதே தவிர ஒழிக்கவில்லை. வேல்ஸ் 2022 மார்ச் 21இல் அதை ஒழித்தது. இங்கிலாந்து அப்போது பின்பற்றவில்லை. எனவே எல்லைக்கு இந்தப் பக்கம் ஷ்ரொப்ஷயரில் ஒரு சாப்பாட்டு மேசையைச் சுற்றி இரண்டு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தால், வீட்டுப் பிள்ளையின் கையில் ஒரு அடி விழலாம், வந்த பிள்ளைமேல் விரல் படக் கூடாது. 'ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்' என்பதைச் சட்டம் இப்படிப் புரிந்துகொண்டது போலும். அரசுப் பணம் வாங்கும் உறவில் அடி குற்றம், ரத்த உறவில் அடி உரிமை. நகராட்சியின் பொறுப்பில் இருப்பதால் மட்டுமே தப்பிக்கிற பிள்ளை, தான் இந்த வீட்டுப் பிள்ளை இல்லை என்பதைத் தன் கன்னத்திலிருந்தே தெரிந்துகொள்ளும். 'என்ன நீ தொட முடியாது' என்று அது ஒருநாள் சொல்லும். அந்த வாக்கியத்தில் வெற்றி எவ்வளவு, அநாதைத்தனம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. வீட்டுப் பிள்ளை கோபத்தில் தட்டை உடைத்தால் அது அன்றோடு போயிற்று. பத்து வருஷம் கழித்துச் சிரித்துப் பேசுவார்கள். வளர்ப்புப் பிள்ளை உடைத்தால் அது 'சம்பவம்'. எழுதப்படும். வீடு மாறும்போது கோப்பும் கூடவே போகும். அடுத்த வீட்டார் பிள்ளையைப் பார்ப்பதற்கு முன்பே தட்டைப் பற்றிப் படித்திருப்பார்கள்.

வளர்ந்து வெளியே வந்தவர்கள் தங்கள் கோப்பைக் கேட்டு வாங்கலாம், சட்டம் இருக்கிறது. நாற்பது வயசில், ஐம்பது வயசில் கேட்டு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். சின்ன வயசுப் போட்டோ இருக்காதா என்று பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் அது இருக்காது. படுக்கை நனைந்த இரவுகள் தேதிவாரியாக இருக்கும். பிறர் பெயர்கள் வருகிற இடங்களில், அம்மாவின் பெயர் வருகிற இடத்திலும்கூட, கறுப்பு மை பூசியிருப்பார்கள்.